ரௌட்டரின் ஃபர்ம்வேர்: எப்போது மாற்றுவது, எதைத் தேர்ந்தெடுப்பது

"நெட் நல்லாத்தானே வருது. அப்புறம் எதுக்குடா அதைப் போட்டு நோண்டுற?"

போன தீபாவளிக்கு விருதுநகர் போயிருந்தபோது அத்தை கேட்டது இது. டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் தூசி படிந்திருந்த வைஃபை பெட்டியின் அமைப்புப் பக்கத்தை என் போனில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபர்ம்வேர் பதிப்பு என்ற இடத்தில் 2018-ஆம் ஆண்டுத் தேதி இருந்தது. வாங்கி மாட்டிய நாளிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை.

அத்தை கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஃபேன் ஓடுகிறது, மிக்ஸி ஓடுகிறது, அவற்றை யாரும் அப்டேட் செய்வதில்லை. ஆனால் ஃபேனை வீட்டுக்குள் இருப்பவர்தான் தொட முடியும். ரௌட்டரின் ஒரு பக்கம் நம் வீட்டுக்குள் இருக்கிறது, மறுபக்கம் உலகம் முழுவதையும் பார்த்து நிற்கிறது. எங்கோ ஓடும் ஏதாவது ஒரு நிரல் ராப்பகலாக அந்தக் கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். உள்ளே நெட் வேகமாக வருவதை வைத்து அந்தக் கதவின் தாழ்ப்பாள் எப்படி இருக்கிறது என்று சொல்ல முடியாது. தாழ்ப்பாள் இற்றுப்போன வீட்டிலும் ஃபேன் நன்றாகத்தான் சுற்றும்.

சரி, ஃபர்ம்வேர் என்றால் என்ன? வைஃபை பெட்டி ஒரு சின்னக் கணினி. அதற்குள் ஒரு பிராசஸர், கொஞ்சம் ரேம், மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் சிப் ஒன்று, எல்லாம் உண்டு. அந்த ஃபிளாஷில் பதிந்து கிடக்கும் மொத்த மென்பொருளும் சேர்ந்ததுதான் ஃபர்ம்வேர். தமிழில் நிலைபொருள் என்றும் எழுதுகிறார்கள். ஃபர்ம்வேர் என்ற சொல்லை 1967-ல் டேட்டாமேஷன் இதழில் ஆஷர் ஓப்லர் என்பவர் உருவாக்கினார். ஹார்டுவேருக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவில் நிற்கும் ஒன்றுக்கு அவருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அன்று அது குறித்தது வேறு, இன்று பொருள் விரிந்துவிட்டது.

பல வீட்டு ரௌட்டர்களின் ஃபர்ம்வேருக்குள் இருப்பது லினக்ஸ்தான். அதன் மேல் பல சின்னச் சின்ன நிரல்கள் ஓடுகின்றன. வீட்டிலுள்ள ஒவ்வொரு போனுக்கும் முகவரி கொடுப்பது ஒன்று. வைஃபை கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது இன்னொன்று. வெளியிலிருந்து வருவதை வடிகட்டுவது ஒன்று, உலாவியில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று அடித்தால் வரும் பக்கத்தைக் காட்டுவது ஒன்று. இத்தனை நிரல்களில் எங்கேயாவது ஒரு வரி தவறாக எழுதப்பட்டிருந்தாலும் போதும், அது ஓட்டை. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, திருத்திய ஃபர்ம்வேரை வெளியிடுவதுதான் அப்டேட். வேகம் கூடுவது, புது வசதி வருவது எல்லாம் சில சமயம் கூடவே கிடைப்பவை. முதல் காரணம் ஓட்டையை அடைப்பது.

இதை விளங்கிக்கொள்ள ஒரு உண்மைச் சம்பவம் போதும். டிபி-லிங்க் நிறுவனத்தின் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 என்பது பல நாடுகளில் விற்ற, விலை அதிகமில்லாத வைஃபை 6 ரௌட்டர். 2022 டிசம்பரில் டொரொண்டோவில் நடந்த பௌன்2ஓன் போட்டியில் அதில் ஒரு ஓட்டையைக் காட்டினார்கள். ஓட்டைகளைக் கண்டுபிடித்து நிறுவனங்களிடம் முறையாகச் சொல்பவர்களுக்குப் பரிசு தரும் போட்டி அது. ஓட்டை இருந்தது எந்த இடத்தில் என்பதைப் பாருங்கள்: அமைப்புப் பக்கத்தில் எந்த நாடு என்று குறிக்கும் கட்டம். நாட்டின் பெயர் வரவேண்டிய அந்த இடத்தில் ஒரு கட்டளையை எழுதி அனுப்பினால், கடவுச்சொல் கேட்காமலேயே ரௌட்டர் அதை நிறைவேற்றியது. அதுவும் சாதாரணக் கட்டளையாக இல்லை, முழு அதிகாரத்தோடு.

நிறுவனம் 2023 மார்ச்சில் திருத்திய ஃபர்ம்வேரை வெளியிட்டது. பதிப்பு எண் 1.1.4, பில்ட் 20230219. ஏப்ரல் மாதமே மிராய் என்ற பாட்நெட் இந்த ஓட்டை வழியாக ரௌட்டர்களைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. பாட்நெட் என்றால் உரிமையாளருக்கே தெரியாமல் பிடித்து வைத்திருக்கும் கருவிகளின் கூட்டம். அவற்றைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஏதாவது ஒரு இணையதளத்தின் மேல் ஏவிவிடுவார்கள். அதோடு முடியவில்லை. 2025 மார்ச்சில் பாலிஸ்டா என்று பெயர் வைக்கப்பட்ட இன்னொரு பாட்நெட்டைப் பற்றிச் செய்தி வந்தது. அது நுழைந்ததும் அதே நாட்டுப் பெயர்க் கட்டம் வழியாகத்தான். மருந்து வந்து இரண்டு வருடம் ஆகியும் அதைப் போட்டுக்கொள்ளாத ரௌட்டர்கள் அவ்வளவு இருந்தன.

திருத்தம் வெளிவந்ததும் தாக்குதல் கூடுவதற்குக் காரணம் உண்டு. பழைய ஃபர்ம்வேரையும் புதிய ஃபர்ம்வேரையும் பக்கத்தில் வைத்து எந்த வரி மாறியிருக்கிறது என்று பார்த்தால், ஓட்டை எங்கே இருந்தது என்று விவரம் தெரிந்தவருக்குப் புரிந்துவிடும். அதனால் திருத்தம் வந்த நாளிலிருந்து, அதைப் போடாதவருக்கு ஆபத்து முன்பைவிட அதிகம். "அப்டேட் வந்திருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட வலுவான காரணம் கிடையாது.

"என் வீட்டு ரௌட்டரை யார் வந்து பிடிக்கப் போகிறார்கள்?" என்று தோன்றலாம். 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் வெளிச்சத்துக்கு வந்தபோது குறைந்தது 54 நாடுகளில் ஐந்து லட்சம் கருவிகளையாவது அது பிடித்து வைத்திருந்தது. பெரும்பாலானவை வீடுகளிலும் சின்ன அலுவலகங்களிலும் இருந்தவை. யாரும் உங்களைத் தேடி வருவதில்லை. எல்லா முகவரிகளையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகும்போது உங்கள் வீடும் வரிசையில் வருகிறது, அவ்வளவுதான்.

இனி செய்முறைக்கு வருவோம். முதலில் பார்க்க வேண்டியது, பெட்டி யாருடையது என்பது. ஃபைபர் இணைப்பு வாங்கும்போது நிறுவனத்து ஆள் வந்து மாட்டிவிட்டுப் போன பெட்டி என்றால், அதன் ஃபர்ம்வேர் பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை. நிறுவனமே தொலைவிலிருந்து டிஆர்-069 போன்ற முறைகளில் அதைப் புதுப்பிக்கும், அமைப்புகளை மாற்றும். வேறு எங்கிருந்தாவது கோப்பு தேடியெடுத்து அதில் ஏற்றப் பார்க்காதீர்கள். அந்தப் பெட்டியின் ஃபர்ம்வேருக்குள்தான் உங்கள் ஃபைபர் இணைப்பை அந்த நிறுவனத்தோடு பேசவைக்கும் பகுதியும் இருக்கும். அது போனால் நெட்டும் போகும். தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் இந்த வழி வசதியானது, ஆனால் அதுவும் ஒரு கதவுதான். 2016 நவம்பரில் ஜெர்மனியின் டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்களில் சுமார் ஒன்பது லட்சம் பேரின் ரௌட்டர்கள் தடுமாறின. மிராயின் வகையறா ஒன்று இந்தத் தொலைப் பராமரிப்புக்கான 7547 என்ற போர்ட்டை (நெட் வழியாகக் கருவிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசலை) உலகெங்கும் தட்டிக்கொண்டு வந்ததன் விளைவு அது. அந்த நிறுவனம் உடனே புது ஃபர்ம்வேர் கொடுத்துச் சரிசெய்தது.

நிறுவனத்துப் பெட்டி பழசாகிவிட்டது, அவர்களும் கவனிப்பதில்லை என்றால் இரண்டு வழிகள். மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். இல்லையென்றால் சொந்தமாக ஒரு ரௌட்டர் வாங்கி, அந்தப் பெட்டிக்குப் பின்னால் கேபிள் போட்டு இணைத்து, வீட்டு வைஃபையை முழுக்கச் சொந்த ரௌட்டரிலேயே வைத்துக்கொள்ளலாம். பெட்டியை பிரிட்ஜ் முறையில் (ரௌட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்திவிடும்படி) மாற்றித் தரும்படி வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் சில நிறுவனங்கள் செய்து தருவார்கள்.

பெட்டி உங்களுடையது என்றால், அதைத் தலைகீழாகத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் பெயர் மட்டும் போதாது. அதன் பக்கத்தில் வி2, வி3 என்று ஹார்டுவேர் பதிப்பு எண் ஒன்று சின்ன எழுத்தில் இருக்கும். எல்லாக் குழப்பமும் தொடங்கும் இடம் இதுதான். ஒரே பெயரில், ஒரே மாதிரி டப்பாவில், உள்ளே முற்றிலும் வேறு சிப் வைத்து விற்பது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். டிஎல்-டபிள்யூஆர்841என் என்ற பழைய ரௌட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பத்துக்கு மேற்பட்ட பதிப்புகள் உண்டு. வி13-ல் 8 எம்.பி. ஃபிளாஷும் 64 எம்.பி. ரேமும் இருந்தன. அதற்கு அடுத்து வந்த வி14-ல் 4 எம்.பி. ஃபிளாஷ், 32 எம்.பி. ரேம். எண் கூடியிருக்கிறது, உள்ளே சரக்கு பாதியாகிவிட்டது! ஒன்றின் ஃபர்ம்வேரை மற்றொன்றில் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நிறுவனங்களின் இணையதளத்தில் நாடு வாரியாகவும் கோப்புகள் பிரிந்திருக்கும். ஐரோப்பாவுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, இந்தியாவுக்கு ஒன்று. வைஃபை எந்த அலைவரிசையில், எவ்வளவு சக்தியில் இயங்கலாம் என்ற விதிகள் நாட்டுக்கு நாடு மாறுவது அதற்கு ஒரு காரணம். பெட்டி வாங்கிய நாட்டுக்குரிய கோப்பையே எடுங்கள்.

அடுத்து, இப்போது ஓடுவது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். அமைப்புப் பக்கத்தில் சிஸ்டம் டூல்ஸ் அல்லது அட்வான்ஸ்டு என்ற பகுதியில் ஃபர்ம்வேர் அப்கிரேடு என்று ஒன்று இருக்கும். அங்கே நீளமான ஒரு எண் தெரியும். நடுவில் உள்ள எட்டு இலக்கங்கள் பல சமயம் தேதிதான். மேலே சொன்ன 20230219 என்பதை 2023 பிப்ரவரி 19 என்று வாசிக்க வேண்டும். உங்கள் எண்ணில் வரும் வருடம் மூன்று, நான்கு ஆண்டுகள் பின்னால் இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

புதிய ரௌட்டர்களில் அதே பக்கத்திலேயே 'அப்டேட் இருக்கிறதா பார்' என்ற பொத்தானும், தானாக அப்டேட் செய்துகொள்ளும் வசதியும் உண்டு. அந்த வசதியை இயக்கி வையுங்கள், பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். ஆனால் நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. தூங்கப் போகும்போது டி.வி.யோடு சேர்த்து வைஃபை சுவிட்சையும் அணைத்துவிடுவோம். தானியங்கி அப்டேட்டோ யாரும் நெட் பயன்படுத்தாத நேரம் பார்த்து, விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் நடக்கும்படிதான் பல ரௌட்டர்களில் வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் பெட்டிக்கு மின்சாரமே இல்லை என்றால் அப்டேட் என்றைக்கும் நடக்காது. இரவில் அணைத்தே ஆக வேண்டும் என்பவர்கள் அந்த நேரத்தை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கையால் செய்ய வேண்டியிருந்தால், ரௌட்டர் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்துக்கே போய், மாடலும் ஹார்டுவேர் பதிப்பும் சரிபார்த்துக் கோப்பை இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் ஏதோ ஒரு பதிவிறக்கத் தளத்திலிருந்தோ, யாரோ பகிர்ந்த டிரைவ் இணைப்பிலிருந்தோ எடுக்கவே கூடாது. ஃபர்ம்வேர் என்பது வீட்டுச் சாவி மொத்தமும். இறக்கியது ஜிப் கோப்பாக இருந்தால் பிரித்து, உள்ளே இருக்கும் '.bin' என்று முடியும் கோப்பைத்தான் ஏற்ற வேண்டும். ஜிப்பை அப்படியே கொடுத்துவிட்டு "ஏற்க மாட்டேன் என்கிறது" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். தளத்தில் எஸ்எச்ஏ-256 என்று 64 எழுத்து நீளத்துக்கு ஒரு சரம் கொடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். செவன்-ஜிப் நிறுவிய விண்டோஸ் கணினியில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்தாலே அந்தச் சரத்தைக் கணக்கிட்டுக் காட்டும். இரண்டும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் ஒத்துப்போனால், கோப்பு வழியில் சிதையவில்லை என்று அர்த்தம்.

ஏற்றுவதற்கு முன் அமைப்புகளை பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு இணைப்புக்கான பயனர் பெயர், கடவுச்சொல் இருந்தால் தாளில் எழுதி வையுங்கள். சில அப்டேட்கள் எல்லாவற்றையும் அழித்துப் புதுப்பெட்டி போல் ஆக்கிவிடும். அப்புறம் அந்தப் பயனர் பெயரைத் தேடிப் போக வேண்டிய நெட்டே அந்த நேரத்தில் இருக்காது.

கணினியை லேன் கேபிளால் ரௌட்டரோடு இணைத்துவிட்டு ஏற்றுங்கள். வைஃபை வழியாகச் செய்தால் பாதியில் சிக்னல் அறுந்து கோப்பு முழுதாகப் போய்ச் சேராமல் நிற்கலாம். கேபிளைவிடவும் முக்கியமானது மின்சாரம். ரௌட்டர் தன் ஃபிளாஷ் சிப்பைப் பகுதி பகுதியாக அழித்துவிட்டு, அழித்த இடத்தில் புதியதை எழுதும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் முழுதாக இல்லை. மறுபடி போட்டால் எதைக் கொண்டு எழுந்திருப்பது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. 'பிரிக் ஆயிடுச்சு' என்று இந்த வேலை செய்பவர்கள் சொல்வது இதைத்தான். செங்கல்லுக்கும் அதற்கும் இனி வித்தியாசம் இல்லை.

எனக்கு இது ஒருமுறை நடந்திருக்கிறது. கோடைமழை இடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், நண்பர் வீட்டில், பட்டை எழுபது சதவீதம் வரை போயிருந்தபோது தெருவே இருண்டது. கரண்ட் திரும்பியபோது பவர் விளக்கு மட்டும் ஒரே சீராகக் கண்ணடித்துக்கொண்டிருந்தது. அடுத்த நாள் நண்பரின் மகளுக்கு ஆன்லைனில் தேர்வு. எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. நல்ல வேளையாக அந்த ரௌட்டரின் பூட்லோடர் பிழைத்திருந்தது. கரண்ட் போட்டதும் முதலில் விழித்து, முழு ஃபர்ம்வேரையும் எழுப்பிவிடும் சின்ன நிரல் அது. ஃபிளாஷில் தனி இடத்தில் இருப்பதால் சாதாரண அப்டேட் அதைத் தொடாது. ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போட்டால் பல ரௌட்டர்களில் இந்த நிரல், கேபிளின் மறுமுனையில் இருக்கும் கணினியிடம் டிஎஃப்டிபி என்ற எளிய முறையில் ஒரு ஃபர்ம்வேர் கோப்பைக் கேட்கும். கணினிக்கு எந்த முகவரி கொடுக்க வேண்டும், கோப்புக்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். சில டிபி-லிங்க் மாடல்கள் 192.168.0.66 என்ற முகவரியில்தான் தேடும். போனின் நெட்டில் இந்த விவரங்களைத் தேடிப் பிடித்து அந்தப் பெட்டியை எழுப்பியபோது மணி இரண்டரை. அன்றிலிருந்து இன்வெர்ட்டரோ யுபிஎஸ்ஸோ இல்லாத வீட்டில், வானம் இருட்டியிருக்கும் நாளில் நான் இந்த வேலையைத் தொடுவதில்லை. அப்டேட் ஓடும்போது விளக்கு கண்ணடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் எதுவுமே நடக்காதது போல் இருந்தாலும் பொறுத்திருங்கள். நின்றுவிட்டது என்று நினைத்து சுவிட்சை அணைப்பதும் கரண்ட் போவதும் அந்தச் சிப்புக்கு ஒன்றுதான்.

முடிந்ததும் பதிப்பு எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல்லையும் பார்த்துவிடுங்கள். வைஃபை கடவுச்சொல்லைச் சொல்லவில்லை, ரௌட்டருக்குள் நுழையும் கடவுச்சொல். 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் பல தீநிரல் தாக்கி முடங்கியபோது, மாட்டிக்கொண்டவை ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட மோடம்கள். எவ்வளவு புதிய ஃபர்ம்வேராக இருந்தாலும் 'அட்மின்', 'அட்மின்' என்று சொன்னால் கதவைத் திறக்கத்தான் செய்யும். வெளியிலிருந்து நிர்வகிக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் வசதியும் அணைந்திருக்கட்டும். பொத்தானை அழுத்தி வைஃபை இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸும் வேண்டாம்.

இனி தேர்வு என்ற விஷயத்துக்கு வருவோம். பலருக்கு, ரௌட்டரோடு வந்த ஃபர்ம்வேரைத் தவிர வேறொன்றையும் அதில் போடலாம் என்பதே தெரியாது. அந்த வழி திறந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது.

2002 டிசம்பரில் லிங்க்ஸிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான ஒரு ரௌட்டரை விற்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அந்த நிறுவனத்தை சிஸ்கோ வாங்கியது. அந்த நேரத்தில் சில நிரலாளர்கள் அதன் ஃபர்ம்வேரைக் குடைந்து பார்த்து, உள்ளே இருப்பது லினக்ஸ் என்று கண்டுபிடித்தார்கள். லினக்ஸை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மாற்றலாம். ஆனால் அதைப் போட்டு ஒரு பொருளை விற்றால் அதன் மூல நிரலையும், அதாவது நிரலாளர்கள் எழுதிய வரிகளையும், கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஜிபிஎல் உரிமத்தின் நிபந்தனை. அதைக் கேட்டார்கள். 2003-லேயே மூல நிரல் வெளியானது. அதை வைத்துக்கொண்டு 2004 ஜனவரியில் பிறந்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மாற்று ஃபர்ம்வேர். பெயரில் இருக்கும் டபிள்யூஆர்டி அந்த ரௌட்டரின் பெயரிலிருந்து வந்தது. டிடி-டபிள்யூஆர்டியும் டொமேட்டோவும் அதே வழியில் பின்னால் வந்தவை. லிங்க்ஸிஸ் பிறகு ஐந்தாம் பதிப்பில் லினக்ஸை எடுத்துவிட்டு நினைவகத்தையும் பாதியாக்கியது. லினக்ஸ் வேண்டும் என்பவர்களுக்காக டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக விற்க வேண்டியும் வந்தது. உரிமத்தின் ஒரு நிபந்தனையை மனிதர்கள் விடாமல் பிடித்துக் கேட்டதால்தான் இன்று நம் வீட்டுப் பெட்டியில் நாம் விரும்பிய ஃபர்ம்வேரைப் போட முடிகிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று யாராவது கேட்டால், வசதிப் பட்டியலை நான் பார்ப்பதில்லை. இந்தப் பெட்டிக்கு இனி வரும் ஓட்டைகளை யார் அடைத்துத் தருவார்கள், எத்தனை வருடத்துக்கு, அடைத்ததைப் பெட்டியில் யார் போடுவார்கள் என்று கேட்பேன். ரௌட்டர் தயாரித்த நிறுவனம் தொடர்ந்து அப்டேட் தருகிறது, பெட்டி தானாகப் போட்டுக்கொள்கிறது என்றால், புதிதாக இந்த உலகுக்குள் வருபவர் நிறுவனத்து ஃபர்ம்வேரிலேயே இருப்பது நல்லது. அதை விட்டு மாற ஒரு காரணம் வேண்டும்.

நிறுவனம் கைவிட்டுவிட்டது, ஆனால் ரௌட்டர் நல்ல நிலையில் இருக்கிறது என்பது சரியான காரணம். ஆர்ச்சர் சி7 வி2 போன்ற பெட்டிகளில் 16 எம்.பி. ஃபிளாஷும் 128 எம்.பி. ரேமும் உண்டு. அவற்றில் ஓப்பன்டபிள்யூஆர்டி நன்றாக ஓடும். நிறுவனம் நிறுத்திய பிறகும் பல ஆண்டுகள் அந்தப் பெட்டிக்குத் திருத்தங்கள் கிடைக்கும். விளம்பரத் தளங்களை வீடு முழுவதும் மறிப்பது, ஒருவர் பெரிய கோப்பு இறக்கும்போது இன்னொருவரின் வீடியோ அழைப்பு தடுமாறாமல் பார்த்துக்கொள்வது, விருந்தினருக்குத் தனி வைஃபை என்று எவ்வளவோ செய்யலாம். இந்த வீடியோ அழைப்பு விஷயம் ஒன்றுக்காகவே நான் என் வீட்டில் மாறினேன், அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் மூன்று விஷயங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். 4 எம்.பி. ஃபிளாஷ், 32 எம்.பி. ரேம் உள்ள பழைய பெட்டிகளில் இன்றைய ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடாது. மேலே சொன்ன 841என் வி14 அப்படிப்பட்டது. இரண்டாவது, வேகம். பல ரௌட்டர்களில் சிப் தயாரிப்பாளர் வைத்திருக்கும் தனிப்பட்ட வன்பொருள் உதவியால்தான் அதிவேக இணைப்பு முழு வேகத்தில் ஓடுகிறது. அதை இயக்கும் நிரல் திறந்த மூலமாக (மூல நிரல் எல்லோருக்கும் கிடைப்பதாக) இல்லாதபோது, மாற்று ஃபர்ம்வேர் எல்லாவற்றையும் பிராசஸரிலேயே செய்ய வேண்டியிருக்கும், வேகம் குறையும். பிராட்காம் வைஃபை சிப் உள்ள பெட்டிகளில் ஓப்பன்டபிள்யூஆர்டியின் வைஃபை ஆதரவும் போதாது. அசூஸ் ரௌட்டர் வைத்திருப்பவர்களுக்கு அசூஸ்டபிள்யூஆர்டி-மெர்லின் என்று ஒன்று இருக்கிறது. நிறுவனத்து ஃபர்ம்வேரையே அடிப்படையாக வைத்துத் திருத்தி மெருகேற்றியது. பழைய பிராட்காம் பெட்டிகளுக்கு, டொமேட்டோவின் வழிவந்த ஃப்ரெஷ்டொமேட்டோவைப் பார்க்கலாம்.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் அப்டேட் தானாக நடக்காது. புதுப் பதிப்பு வந்ததா என்று பார்ப்பதும் போடுவதும் உங்கள் வேலை. போட்டுவிட்டு நான்கு வருடம் மறந்துபோகிறவர் வீட்டில், கைவிடப்பட்ட நிறுவனத்து ஃபர்ம்வேருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

போட முடிவு செய்துவிட்டால், அந்தத் திட்டத்தின் கருவிப் பட்டியலில் உங்கள் மாடலும் அதே ஹார்டுவேர் பதிப்பும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு வகைக் கோப்புகள் இருக்கும். நிறுவனத்து ஃபர்ம்வேரிலிருந்து முதன்முறை மாறுவதற்கு ஃபேக்டரி என்ற கோப்பு. ஏற்கனவே ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடும் பெட்டியைப் புதுப்பிக்க சிஸ்அப்கிரேடு என்ற கோப்பு. முதல்முறை ஏற்றி முடித்ததும் வைஃபை பெயர் எங்குமே தெரியாது. பயந்துவிட வேண்டாம். வைஃபை அணைந்த நிலையில்தான் அது பொதுவாக விழிக்கும். கேபிள் வழியாக 192.168.1.1-க்குப் போய், முதலில் கடவுச்சொல் வைத்துவிட்டு, பிறகு வைஃபையை இயக்க வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே ரௌட்டரில் இதை முதன்முதலாகச் செய்து பழகாதீர்கள். பழைய ரௌட்டர் ஒன்று பரணில் கிடந்தால் அதில் தொடங்குங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டமே 2024 இறுதியில் ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்று ஒரு ரௌட்டரை வெளியிட்டது. அதில் இரண்டு தனித்தனி ஃபிளாஷ் சிப்கள். ஒன்றில் எழுதும்போது கெட்டுப்போனால், ஒரு சின்ன சுவிட்சைத் தள்ளி மற்றொன்றிலிருந்து எழுப்பிவிடலாம். கரண்ட் போகும் ஊர்க்காரனான எனக்கு இந்த ஏற்பாட்டைப் பார்த்தபோது மனசு நிறைந்தது.

நிறுவனமும் அப்டேட் தரவில்லை, மாற்று ஃபர்ம்வேரும் ஏறாது என்றால்? மாற்றிவிட வேண்டும். வேறு வழி கிடையாது. 2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., ஆதரவு முடிந்துபோன பழைய ரௌட்டர்களைக் குற்றவாளிகள் பிடித்து, தங்கள் அடையாளத்தை மறைக்கும் இடைவழியாக மற்றவர்களுக்கு விற்கிறார்கள் என்று மாடல் பெயர்களோடு எச்சரித்தது. அதாவது எங்கோ நடக்கும் மோசடிக்கு உங்கள் வீட்டு முகவரி பதிவாகும். புதிதாக வாங்கும்போது ஆன்டெனாக்களை எண்ணுவதோடு நின்றுவிடாமல், இந்த மாடலுக்கு எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் என்று நிறுவனத்தின் பக்கத்தில் தேடிப் பாருங்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், குறைந்தபட்ச ஆதரவுக் காலத்தைத் தெரிவிக்க வேண்டும், எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல் வைத்து விற்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. அங்கும் விற்கும் மாடல் என்றால் அந்தத் தகவல் எங்கேயாவது இருக்கும்.

அத்தை வீட்டுப் பெட்டிக்கு வருகிறேன். தேடிப் பார்த்ததில் அந்த மாடலுக்குக் கடைசியாக வந்த ஃபர்ம்வேர் 2019-ல். மாற்று ஃபர்ம்வேர் ஏறும் அளவுக்கு அதில் நினைவகமும் இல்லை. மாமாவிடம் சொன்னேன், மறுவாரமே புதிய ரௌட்டர் வந்தது. தானாக அப்டேட் செய்யும் வசதியை இயக்கி, நேரத்தை மதியம் இரண்டு மணிக்கு மாற்றி வைத்தேன். அத்தை இரவில் சுவிட்சை அணைப்பார், அதை மாற்ற முடியாது. மதியம் இரண்டுக்கு அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம், நெட் ஐந்து நிமிடம் போனாலும் தெரியாது. கடவுச்சொல்லை எழுதி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பைக்குள் போட்டிருக்கிறார்.